கடலும் இல்லை, கனடா எல்லையும் இல்லை: 1812 போரில் கென்டக்கி

1812 ஜூன் 18 அன்று அமெரிக்கா பிரிட்டன் மீது போர் அறிவித்தது. அதற்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணங்கள் கடல் சார்ந்தவை. அமெரிக்கக் கப்பல்களை பிரிட்டிஷ் கடற்படை வழிமறித்து, மாலுமிகளைப் பிடித்துச் சென்றது. நெப்போலியனுக்கு எதிரான போரைக் காட்டி அமெரிக்க வணிகத்தையும் முடக்கியது. கென்டக்கிக்குக் கடற்கரை கிடையாது. கனடாவின் எல்லையையும் அது தொடுவதில்லை. அப்படியிருந்தும் இந்தப் போரைப் பற்றி எதைப் படித்தாலும் அந்த மாநிலத்தின் பெயர் வந்துகொண்டே இருப்பது ஏன், அதன் பங்கு உண்மையில் எவ்வளவு பெரியது என்பதுதான் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போதுமான படை இல்லாமலேயே அமெரிக்கக் குடியரசு அந்தப் போருக்குள் போனது. வடமேற்கில் அந்தக் குறையைக் கென்டக்கியின் விவசாயிகள்தான் தங்கள் உயிரைக் கொடுத்து நிரப்பினார்கள். அவர்களின் துணிச்சல் உண்மையானது. ஆனால் அவர்களுடைய சாவுகளில் மிகப் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியதாக இருந்தது. புகழ்பாடும் வரலாறுகள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகின்றன என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். 1810 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் 72 லட்சத்துக்குச் சற்று அதிகமானோர் இருந்தார்கள். கென்டக்கியில் 4,06,511 பேர். அதாவது நாட்டின் மக்களில் ஆறு சதவீதம்கூட இல்லை. அவர்களிலும் 80,561 பேர் அடிமைகள். இந்த மாநிலத்திலிருந்து போர் முடியும் வரை ஏறத்தாழ 25,000 பேர் ஏதோ ஒரு கட்டத்தில் படையில் பணியாற்றினார்கள். களத்தில் இறந்த கென்டக்கிக்காரர்கள் சுமார் 1,200 பேர் என்பது பரவலாக மேற்கோள் காட்டப்படும் கணக்கு. களத்தில் இறந்த அமெரிக்கர்களின் மொத்த எண்ணிக்கையை ஒரு கணக்கு 1,876 என்கிறது, இன்னொன்று 2,260 என்கிறது. எதை எடுத்துக்கொண்டாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் கென்டக்கிக்காரர்கள் என்று ஆகிறது. இந்தக் கணக்குகள் திரட்டப்பட்ட விதத்தில் கேள்விகள் எழலாம். ஆனால் அந்தச் சிறிய மாநிலம் தன் அளவுக்கு மிஞ்சி இழந்தது என்பதில் ஐயமே இல்லை.

கென்டக்கியை எல்லைப்புற மாநிலம் என்று சொல்லும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1792இல் ஒன்றியத்தின் 15ஆவது மாநிலமாகச் சேர்ந்த கென்டக்கி, 1812இல் எல்லைப்புறமாக இருந்த காலத்தைக் கடந்திருந்தது. லெக்சிங்டனில் பல்கலைக்கழகம் இருந்தது, அச்சகங்கள் இருந்தன, சணல் கயிறு திரிக்கும் ஆலைகள் இருந்தன. பூர்வகுடிகளின் தாக்குதலுக்கு அஞ்சும் நிலை ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே, இண்டியானா பகுதிக்கு நகர்ந்துவிட்டது. ஆனால் நினைவு நகரவில்லை. 1782 ஆகஸ்டில் புளூ லிக்ஸ் என்ற இடத்தில் பிரிட்டிஷாரும் பூர்வகுடிகளும் சேர்ந்து விரித்த வலையில் சில நிமிடங்களுக்குள் சுமார் 70 கென்டக்கிக்காரர்கள் இறந்தார்கள். புகழ்பெற்ற முன்னோடி டேனியல் பூனின் மகன் அவர்களில் ஒருவன். அந்தக் களத்தில் தகப்பனையோ அண்ணனையோ இழந்த சிறுவர்கள் 1812இல் நாற்பதை எட்டிய குடும்பத் தலைவர்கள். பூர்வகுடிகளின் கையில் இருக்கும் துப்பாக்கி கனடாவிலுள்ள பிரிட்டிஷ் கிடங்கிலிருந்து வந்தது என்ற எண்ணம் அவர்களுக்குள் ஊறியிருந்தது.

இன்னொரு பக்கம் நிலம். 1809இல் ஃபோர்ட் வெய்ன் ஒப்பந்தத்தின் வழியாக இண்டியானா ஆளுநர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் சுமார் 30 லட்சம் ஏக்கரைச் சில பழங்குடித் தலைவர்களிடமிருந்து மிக மலிவாக வாங்கினார். நிலம் எல்லாப் பூர்வகுடிகளுக்கும் பொதுவானது, ஒரு சிலர் அதை விற்க முடியாது என்று ஷானி குலத்தின் டெக்கம்சே எதிர்த்து நின்றார். தன் தம்பி டென்ஸ்க்வட்டாவாவின் சமய இயக்கத்தை அடித்தளமாக வைத்து ஒரு பெரிய கூட்டணியையும் அவர் கட்டினார். 1811 நவம்பர் 7 அன்று டிப்பெக்கனூவில் ஹாரிசனின் படைக்கும் அந்தக் கூட்டணிக்கும் மோதல் வெடித்தபோது டெக்கம்சே தெற்கே பயணத்தில் இருந்தார். அங்கே இறந்தவர்களில் ஜோசஃப் ஹாமில்டன் டேவிஸ், ஏப்ரஹாம் ஓவன் ஆகியோர் கென்டக்கியில் எல்லோரும் அறிந்தவர்கள். போர் அறிவிப்புக்கு ஏழு மாதங்கள் முன்பே கென்டக்கியின் ரத்தம் சிந்தியாகிவிட்டது.

மூன்றாவதாகச் சந்தை. கென்டக்கியின் புகையிலையும் சணலும் மாவும் மிசிசிப்பி ஆற்றில் இறங்கி நியூ ஆர்லியன்ஸ் வழியாகத்தான் உலகத்தை அடைந்தன. கடலில் பிரிட்டன் போட்ட தடை அட்லாண்டிக் கரையின் வணிகனை மட்டும் பாதிக்கவில்லை. உள்நாட்டு விவசாயியின் விலை விழுந்தபோது அவனும் லண்டனைத்தான் குற்றம் சாட்டினான். கடல் இல்லாத ஊரில் கடல் உரிமை பற்றிய கோபம் இப்படித்தான் முளைத்தது.

இந்தக் கோபங்களுக்கெல்லாம் வாயாக இருந்தவர் லெக்சிங்டன் வழக்கறிஞர் ஹென்றி கிளே. 1811 நவம்பரில் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்த முதல் நாளிலேயே, 34 வயதில், அதன் சபாநாயகரானார். போரை விரும்பிய இளைஞர்களை முக்கியக் குழுக்களில் அமர்த்தினார். குடியரசுத் தலைவர் மேடிசனைப் போரை நோக்கித் தள்ளியவர்களில் அவருக்கே முதலிடம். அதற்கு முந்தைய ஆண்டு செனட்டில் பேசும்போது, மாண்ட்ரியலையும் மேல் கனடாவையும் (இன்றைய ஒன்டாரியோவின் தென்பகுதி) உங்கள் காலடியில் வைக்கக் கென்டக்கியின் குடிப்படை ஒன்றே போதும் என்று சொல்லியிருந்தார். இந்தப் பேச்சை நான் கடுமையாகவே மதிப்பிடுகிறேன். அவர் குறிப்பிட்ட குடிப்படை முழுநேரப் படை அல்ல. அறுவடைக்கு நடுவே கூப்பிட்டால் சொந்தத் துப்பாக்கியோடு வந்து, சில மாதங்கள் இருந்துவிட்டு வீடு திரும்பும் உழவர்களின் திரள். மூவாயிரம் மைல் தள்ளி நெப்போலியனோடு மோதிக்கொண்டிருந்த ஒரு பேரரசின் படைவீரர்களை எதிர்க்க இதுவே போதும் என்று நாட்டை நம்பவைத்தது பெரும் பிழை. அதன் விலையைச் செலுத்தியவர்களில் கிளேயின் மைத்துனரும் ஒருவர்.

வாக்கெடுப்பில் பிரதிநிதிகள் சபை 79-49 என்றும் செனட் 19-13 என்றும் போரை ஆதரித்தன. கென்டக்கியின் செனட்டர் ஜான் போப் எதிர்த்து வாக்களித்தார். நாடு ஆயத்தமாக இல்லை என்ற அவருடைய கவலை சில மாதங்களிலேயே உண்மையானது. ஆனால் சொந்த ஊரில் அவருடைய கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். அவரை நினைத்துப் பார்க்கும் வழக்கம் இன்றும் குறைவு. எனக்கு அது வருத்தமே.

மற்ற மாநிலங்களின் நிலையையும் பார்த்தால்தான் கென்டக்கியின் இடம் புரியும். மாசசூசெட்ஸ், கனெக்டிகட் ஆளுநர்கள் தங்கள் குடிப்படையை ஒன்றிய அரசின் கையில் கொடுக்கவே மறுத்தார்கள். நியூயார்க் குடிப்படை 1812 அக்டோபரில் குயின்ஸ்டன் ஹைட்ஸ் சண்டையின்போது நயாகரா ஆற்றைத் தாண்ட மறுத்து, அக்கரையில் தங்கள் தோழர்கள் சிறைபிடிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. கென்டக்கியில் கேட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் வந்து நின்றார்கள். இடம் கிடைக்காதவர்கள் சண்டை போட்டார்கள். ஆனால் இந்த ஆர்வமும் எல்லா நேரத்திலும் நீடித்ததில்லை. அதே அக்டோபரில் சாமுவேல் ஹாப்கின்ஸ் தலைமையில் சுமார் 2,000 கென்டக்கிக் குதிரை வீரர்கள் கிக்கபூ குலத்தின் ஊர்களைத் தாக்கக் கிளம்பினார்கள். புல்வெளியில் வழி தவறி, உணவு குறைந்து, தீக்குள் மாட்டிக்கொண்டதும் தளபதியின் பேச்சைக் கேளாமல் அவர்களாகவே ஊர் திரும்பினார்கள். குடிப்படை என்றால் இதுவும் சேர்ந்ததுதான்.

1812 ஆகஸ்ட் 16 அன்று ஜெனரல் வில்லியம் ஹல் டெட்ராய்ட் கோட்டையைப் பெரிய சண்டையே இல்லாமல் பிரிட்டிஷ் தளபதி ஐசக் பிராக்கிடம் ஒப்படைத்தார். ஏறத்தாழ அதே நாட்களில் ஜார்ஜ்டவுனில் திரண்டிருந்த கென்டக்கித் தொண்டர்களிடம் கிளே வீரவுரை ஆற்றினார். யாரைக் காப்பாற்ற அவர்கள் கிளம்பினார்களோ அந்தப் படை சரணடைந்துவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. செய்தி வந்ததும் கென்டக்கித் தலைவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஆகஸ்ட் 25 அன்று ஹாரிசனைத் தங்கள் குடிப்படையின் மேஜர் ஜெனரலாக நியமித்தார்கள். ஹாரிசன் கென்டக்கிவாசியே அல்லர். சட்டத்தை வளைத்து ஒரு மாநிலம் தனக்குப் பிடித்த தளபதியை நியமித்ததையும், வாஷிங்டன் பிறகு அதை ஒப்புக்கொள்ள நேர்ந்ததையும் பார்த்தால் அந்தப் போரை யார் நடத்தினார்கள் என்பது தெரியும்.

அந்தத் தொண்டர்கள் உடுத்தியிருந்தவை வேனிலுக்கான லினன் சட்டைகள். சில வாரங்களில் வெற்றியோடு திரும்பலாம் என்ற நினைப்பு. அக்டோபரும் நவம்பரும் ஓஹையோவின் சேற்றுக் காடுகளில் கழிந்தன. போர்வையும் காலணியும் இல்லை. காய்ச்சலில் பலர் இறந்தார்கள். கென்டக்கியில் பெண்கள் துணி நெய்து, தைத்து அனுப்பினார்கள். அவர்களுக்குத் தளபதியாக அமைந்தவர் டென்னசியின் ஜேம்ஸ் வின்செஸ்டர். வயதானவர், நல்லவர், ஆனால் அந்த இளைஞர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1813 ஜனவரியில் அவர்கள் மாமி ஆற்றின் கரையை அடைந்தபோது, ஆறு மாதப் பணிக்காலம் பிப்ரவரியில் முடிவடைய இருந்தது. ஒரு சண்டைகூடப் போடாமல் வீடு திரும்புவதா என்ற தவிப்பு அவர்களை ஆட்டியது. அந்த நேரத்தில் வடக்கே சுமார் 35 மைல் தொலைவில் ரெய்சின் ஆற்றங்கரையிலிருந்த ஃபிரெஞ்ச்டவுன் என்ற சிற்றூரின் மக்கள் காப்பாற்றுமாறு செய்தி அனுப்பினார்கள். அங்கே களஞ்சியங்களில் தானியமும் இருந்தது. போகலாம் என்று முடிவானது.

ஜனவரி 18 அன்று வில்லியம் லூயிஸ், ஜான் ஆலன் ஆகியோரின் தலைமையில் அறுநூற்றுக்குச் சற்று மேற்பட்டவர்கள் உறைந்த ஆற்றைக் கடந்து, அங்கிருந்த கனடிய, பூர்வகுடிக் காவலர்களை விரட்டினார்கள். இது வெற்றிதான். ஆனால் பிரிட்டிஷ் தளமான மால்டன் கோட்டை இருபது மைல் தொலைவுகூட இல்லை. இடையில் இருந்த தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்து பாதையாகிவிட்டிருந்தது. வின்செஸ்டர் கூடுதல் படையோடு வந்து சேர்ந்தபோது மொத்தம் 900க்குச் சற்று மேல். வந்தவர்கள் வேலிக்கு வெளியே திறந்த வயலில் முகாமிட்டார்கள். தளபதி ஆற்றின் மறுகரையில் ஒரு வீட்டில் தங்கினார். எதிரி வருகிறான் என்று ஊர்க்காரர்கள் எச்சரித்ததைப் பொருட்படுத்தவில்லை. எதிரி வரக்கூடிய சாலையில் காவலும் போடவில்லை.

22ஆம் தேதி விடியுமுன் பிரிட்டிஷ் தளபதி ஹென்றி ப்ராக்டர் சுமார் 600 பிரிட்டிஷ், கனடிய வீரர்களோடும், ரவுண்ட்ஹெட், வாக்-இன்-த-வாட்டர் ஆகிய தலைவர்களின் கீழ் சுமார் 800 பூர்வகுடி வீரர்களோடும் தாக்கினார். வெளியே இருந்த வலப்பக்க அணி சிதறி ஓடியது. ஆழ்ந்த பனியில் ஓடியவர்களைத் துரத்திக் கொன்றார்கள். ஆலன் அங்கே இறந்தார். வின்செஸ்டரும் லூயிஸும் பிடிபட்டார்கள். மரவேலிக்குள் இருந்த மேஜர் ஜார்ஜ் மேடிசனின் ஆட்கள் மட்டும் குறிபார்த்துச் சுட்டுப் பிரிட்டிஷ் பீரங்கிக்காரர்களை வீழ்த்திக்கொண்டு நின்றார்கள். காயம்பட்டவர்களைப் பாதுகாப்பதாக வாக்குக் கொடுத்தால்தான் சரணடைவேன் என்று மேடிசன் பிடிவாதமாகப் பேசினார். ப்ராக்டர் வாக்குக் கொடுத்தார். பிறகு ஹாரிசன் வந்துவிடுவார் என்ற பயத்தில் நடக்கக்கூடிய கைதிகளை மட்டும் கூட்டிக்கொண்டு, காயம்பட்டவர்களை ஊரின் வீடுகளிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். மறுநாள் பனிவண்டிகள் வரும் என்றார்கள். வரவில்லை.

23ஆம் தேதி காலையில் திரும்பி வந்த பூர்வகுடி வீரர்கள் அந்த வீடுகளைச் சூறையாடி, நகர முடியாதவர்களைக் கொன்று, சில வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். அன்று கொல்லப்பட்டவர்கள் 30 பேர் என்பார்கள் சிலர், 100 வரை என்பார்கள் சிலர். ஹென்றி கிளேயின் மனைவி லுக்ரீஷியாவின் தம்பி கேப்டன் நத்தேனியல் ஹார்ட் அவர்களில் ஒருவர். இரண்டு நாட்களிலும் சேர்த்து இறந்தவர்கள் ஏறத்தாழ 400, கைதானவர்கள் 500க்கு மேல், தப்பியவர்கள் 33 பேர். லெக்சிங்டன், ஃபிராங்ஃபர்ட், ஜார்ஜ்டவுன் போன்ற ஊர்களின் நல்ல குடும்பங்களிலிருந்து போன வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு காங்கிரஸ் உறுப்பினர் என்று ஒரு தலைமுறையே அந்தப் பனியில் கிடந்தது. “ரெய்சினை மறவாதீர்” என்பது அதற்குப் பிறகு வடமேற்குப் படையின் போர்முழக்கமானது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். டெக்கம்சே அங்கே இல்லை. காயம்பட்டவர்களைக் காவலின்றி விட்டுச் சென்றது ப்ராக்டரின் குற்றம். சோர்ந்த ஆட்களைத் திறந்த வயலில் தூங்கவைத்தது வின்செஸ்டரின் குற்றம். குளிருக்கு உடையில்லாமல், ஆறு மாதக் கெடுவோடு அவர்களை அனுப்பியது வாஷிங்டனின் குற்றம். கென்டக்கியில் பழி முழுவதும் பூர்வகுடிகள் மேலும் பிரிட்டிஷார் மேலும்தான் விழுந்தது.

மே மாதத்தில் அதே பாடம் மீண்டும் நடந்தது. மாமி ஆற்றங்கரையில் ஹாரிசன் கட்டிய மெய்க்ஸ் கோட்டையைப் ப்ராக்டரும் டெக்கம்சேயும் முற்றுகையிட்டார்கள். கிரீன் கிளே தலைமையில் 1,200 கென்டக்கிக்காரர்கள் படகுகளில் வந்தார்கள். மே 5 அன்று அவர்களில் சுமார் 800 பேரோடு கர்னல் வில்லியம் டட்லி வடகரையில் இறங்கி, பிரிட்டிஷ் பீரங்கி மேடுகளைக் கைப்பற்றினார். பீரங்கிகளைச் செயலிழக்கச் செய்துவிட்டு உடனே படகுக்குத் திரும்ப வேண்டும் என்பது கட்டளை. ஆனால் காட்டிலிருந்து சுட்டுவிட்டு ஓடிய பூர்வகுடி வீரர்களை இவர்கள் துரத்தினார்கள். அந்த வீரர்கள் இவர்களைக் காட்டுக்குள் இழுத்துச் சூழ்ந்துகொண்டார்கள். திரும்பி வந்தவர்கள் 150 பேர் அளவில். டட்லி இறந்தார். கைதிகளைப் பழைய கோட்டைக்குள் வைத்துக் கொல்லத் தொடங்கியபோது டெக்கம்சே குதிரையில் விரைந்து வந்து தடுத்தார், தடுக்காமல் நின்ற ப்ராக்டரைக் கடிந்தார் என்று உயிர் பிழைத்த கென்டக்கிக்காரர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

போர்க்களத்துக்கு வெளியிலும் கென்டக்கிக்கு ஒரு பங்கு இருந்தது. அது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு அதுவரை பெருமளவு அமெரிக்காவுக்கு வெளியிலிருந்துதான் வந்தது; பெரும்பகுதி பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த வங்காளம், பீகார் பகுதிகளின் உப்பு. கடல்வழி அடைபட்டதும் கென்டக்கியின் சுண்ணாம்புக் குகைகளுக்கு மதிப்பு கூடியது. மேமத் குகையில் சுமார் 70 அடிமைகள் விளக்கொளியில் மண்ணைத் தோண்டினார்கள். மாட்டுவண்டிகளில் அதைக் குகைக்குள்ளேயே கட்டிய பெரிய மரத்தொட்டிகளுக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். வெளியிலிருந்து, உள்ளே துளையிட்ட மரத்தண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திய குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது. மண்ணில் ஊறி வடிந்த நீரை வெளியே ஏற்றி, மரச்சாம்பலின் கார நீரோடு சேர்த்துக் காய்ச்சினால் வெடியுப்பு படிகமாகும். அது லெக்சிங்டனின் வெடிமருந்து ஆலைகளுக்கும் கிழக்கே ஃபிலடெல்ஃபியா பக்கமும் போனது. அந்தத் தொட்டிகளும் மரக்குழாய்களும் இன்றும் குகைக்குள் இருக்கின்றன. சுதந்திரத்துக்கான போர் என்று மேடைகளில் பேசப்பட்ட ஒன்றின் வெடிமருந்தைத் தோண்டியவர்களுக்குச் சுதந்திரம் இல்லை. கென்டக்கியின் பங்கைக் கணக்கிடுகிறவர்கள் இவர்களைத் தவிர்த்துவிட்டுக் கணக்கிடுவது நியாயமல்ல.

இனி 1813இன் பிற்பகுதி. கென்டக்கியின் ஆளுநராக அப்போது இருந்தவர் ஐசக் ஷெல்பி. மாநிலத்தின் முதல் ஆளுநரும் அவரே. 1780இல் கிங்ஸ் மவுண்டனில் பிரிட்டிஷ் ஆதரவுப் படையை முறியடித்தவர்களில் ஒருவர். 61 வயதில் ஓய்விலிருந்து திரும்ப அழைக்கப்பட்டு ஆளுநரானவர். ஹாரிசன் ஆட்கள் கேட்டு எழுதியபோது ஷெல்பி அதிகாரி யாரையும் அனுப்பவில்லை. நானே உங்களை முன்னின்று நடத்துவேன், ஆபத்தையும் பெருமையையும் உங்களோடு பகிர்ந்துகொள்வேன் என்று அறிக்கை விட்டார். ரெய்சினுக்கும் டட்லியின் தோல்விக்கும் பிறகும் சுமார் 3,500 பேர் குதிரைகளோடு ஓஹையோ ஆற்றங்கரையில் நியூபோர்ட்டில் வந்து நின்றார்கள். பதவியிலிருக்கும் ஆளுநர் ஒருவர் தன் மாநிலத்துக்கு வெளியே படை நடத்திப் போனது வியப்புக்குரியது. அவர் பெயரைச் சொன்னால்தான் ஆட்கள் வருவார்கள் என்ற நிலையும் அதில் தெரிகிறது.

செப்டம்பர் 10 அன்று எரி ஏரியில் ஆலிவர் பெர்ரி பிரிட்டிஷ் கப்பற்படையைத் தோற்கடித்தார். அவருடைய கப்பல்களில் சுமார் நூறு கென்டக்கிக்காரர்கள் துப்பாக்கி வீரர்களாக இருந்தார்கள். அவர்களில் பலர் அதற்குமுன் கப்பலையே பார்த்ததில்லை. ஏரி கைக்கு வந்ததும் ஷெல்பியின் ஆட்கள் ஒரு தீபகற்பத்தின் கழுத்துப்பகுதியில் குறுக்கே வேலி போட்டு, ஆயிரக்கணக்கான குதிரைகளை உள்ளே மேயவிட்டுவிட்டு, படகுகளில் கனடாவுக்குப் போனார்கள். காங்கிரஸ் உறுப்பினர் ரிச்சர்ட் மென்டர் ஜான்சனின் குதிரைப் படைப்பிரிவு மட்டும் கரையோரமாகச் சுற்றி டெட்ராய்ட் வழியாக வந்தது. இந்தப் பிரிவு மற்ற குடிப்படைகளைப் போன்றதல்ல. துப்பாக்கிச் சத்தத்துக்குக் குதிரைகளைப் பழக்கி, காலாட்படை வரிசையைக் கிழித்துக்கொண்டு போகப் பல மாதங்கள் பயிற்சி எடுத்தது. முன்பே இத்தகைய பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தால் ரெய்சினில் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ப்ராக்டர் பின்வாங்கினார். டெக்கம்சே அதை வெறுத்தார். பயந்தால் வாலைக் கால்களுக்கிடையே நுழைத்துக்கொண்டு ஓடும் கொழுத்த நாய்க்கு அவரை ஒப்பிட்டுப் பேசினார். அக்டோபர் 5 அன்று மேல் கனடாவில் மொரேவியன்டவுன் அருகே, தேம்ஸ் ஆற்றங்கரையில் இரு படைகளும் சந்தித்தன. பசியோடும் சோர்வோடும் இருந்த பிரிட்டிஷ் 41ஆவது படைப்பிரிவு இடைவெளி விட்டு நிற்பதைப் பார்த்த ஹாரிசன், வழக்கத்துக்கு மாறாகக் குதிரைகளை நேரே பாயவிட்டார். ரிச்சர்டின் சகோதரர் ஜேம்ஸ் ஜான்சனின் அணி அந்த வரிசையை உடைக்கப் பத்து நிமிடங்கள்கூட ஆகவில்லை. ப்ராக்டர் தப்பி ஓடினார். சதுப்புக் காட்டில் டெக்கம்சேயின் ஆட்கள் நின்ற பக்கம்தான் உண்மையான சண்டை. எதிரியின் முதல் வேட்டைத் தங்கள் மேல் வாங்கிக்கொள்வதற்காகவே இருபது பேர் முன்னால் போனார்கள்; பெரும்பாலோர் விழுந்தார்கள். அவர்களில் 64 வயதான வில்லியம் விட்லியும் ஒருவர். ரிச்சர்ட் ஜான்சன் ஐந்து காயங்களோடு உயிர் பிழைத்தார். டெக்கம்சே அங்கேயே இறந்தார்.

அவரைக் கொன்றது யார் என்ற வாதம் பல ஆண்டுகள் ஓடியது. ஜான்சன்தான் என்று அவருடைய ஆதரவாளர்கள் பாட்டுக் கட்டினார்கள். 1837இல் அவர் துணைக் குடியரசுத் தலைவரானதற்கு அது உதவியது. ஹாரிசன் 1840 தேர்தலில் குடியரசுத் தலைவரானார். ஷெல்பியின் உதவியாளராக இருந்த ஜான் அடேரும் ஜான் கிரிட்டென்டனும், ரெய்சினில் மரவேலிக்குள் நின்ற மேடிசனும் பின்னாளில் கென்டக்கி ஆளுநர்களானார்கள். களத்தில் அன்று நடந்த இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. டெக்கம்சேயுடையது என்று நினைத்த ஓர் உடலிலிருந்து கென்டக்கி வீரர்கள் தோலை உரித்து நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றார்கள். சண்டையில் சேராத டெலவேர் குலத்துக் கிறிஸ்தவப் பூர்வகுடி மக்கள் வாழ்ந்த மொரேவியன்டவுனைக் கொள்ளையடித்துக் கொளுத்தினார்கள். ரெய்சினில் நடந்தது கொடுமை என்றால் இதுவும் கொடுமைதான்.

போரின் கடைசிக் காட்சி நியூ ஆர்லியன்ஸ். 1815 ஜனவரி 4 அன்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கென்டக்கிக்காரர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். கந்தல் உடை; மூவரில் ஒருவரிடம்கூடப் பயன்படும் துப்பாக்கி இல்லை. அவர்களுக்கான ஆயுதங்களை ஏற்றிய படகுகள் உரிய நேரத்தில் வரவில்லை. நகரத்துப் பெண்கள் அவர்களுக்கு உடை தைத்துக் கொடுத்தார்கள். 8ஆம் தேதி ஆற்றின் கிழக்குக் கரையில் ஆண்ட்ரூ ஜாக்சனின் அரணுக்குப் பின்னால் அடேரின் ஆட்கள் நன்றாகவே நின்றார்கள். மேற்குக் கரையில் சுமார் 170 கென்டக்கிக்காரர்களை, இரவு முழுவதும் நடக்கவைத்து, பழுதான துப்பாக்கிகளோடு, காக்க முடியாத அகலமான இடத்தில் நிறுத்தினார்கள். பிரிட்டிஷார் தாக்கியதும் அந்த அணி உடைந்தது. அவர்கள் கேவலமாக ஓடிவிட்டார்கள் என்று ஜாக்சன் தன் அறிக்கையில் எழுதினார். விசாரணை மன்றம் அவர்கள்மேல் கண்டனத்துக்குரிய குற்றம் இல்லை என்று சொன்ன பிறகும் அவர் அதைத் திரும்பப் பெறவில்லை. அடேர் அவரோடு ஆண்டுக்கணக்கில் கடிதச் சண்டை நடத்தினார். அதே வெற்றியைக் கென்டக்கித் துப்பாக்கியின் வெற்றியாகப் பாடிய பாட்டை 1828 தேர்தலில் பயன்படுத்தி ஜாக்சன் குடியரசுத் தலைவரானார். அந்த வெற்றியில் பீரங்கிகள் செய்த வேலை பெரிது; பாட்டில் அது இல்லை.

சமாதானப் பேச்சிலும் கென்டக்கி இருந்தது. இன்றைய பெல்ஜியத்திலுள்ள கென்ட் நகரில் 1814 டிசம்பர் 24 அன்று கையெழுத்திட்ட ஐந்து அமெரிக்கர்களில் கிளேயும் ஒருவர். ஓஹையோவுக்கு வடக்கே பூர்வகுடிகளுக்கென ஒரு தனி நாடு வேண்டும் என்று பிரிட்டிஷ் தரப்பு தொடக்கத்தில் கேட்டது. டெக்கம்சேயின் கனவுக்கு அதுவே கடைசி வாய்ப்பு. கிளேயும் மற்றவர்களும் உறுதியாக மறுத்தார்கள். பிரிட்டன் கோரிக்கையைக் கைவிட்டது. 1811இல் பூர்வகுடிகளுக்கு இருந்த நிலத்தையும் உரிமையையும் திருப்பித் தர வேண்டும் என்று ஒன்பதாவது பிரிவு சொன்னது. யாரும் அதை நிறைவேற்றவில்லை. கனடா ஓர் ஏக்கர்கூடக் கைக்கு வரவில்லை. மாலுமிகளைப் பிடிக்கும் வழக்கம் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு சொல்கூட இல்லை.

ஆகவே கென்டக்கி எதற்காகப் போரிட்டது என்ற கேள்விக்கு, அது எதைப் பெற்றது என்பதைப் பார்ப்பதே நேரான வழி. டெக்கம்சேயின் கூட்டணி உடைந்ததும் ஓஹையோவுக்கு வடக்கே எதிர்ப்பு குலைந்தது. நிலங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. 1818இல் ஷெல்பியும் ஜாக்சனும் தெற்கே சிக்கசா என்ற பூர்வகுடி மக்களோடு பேச்சு நடத்தி, மாநிலத்தின் மேற்கு மூலையை வாங்கினார்கள். விலை ஆண்டுக்கு 20,000 டாலர் வீதம் 15 ஆண்டுகள். சிக்கசாக்கள் போரில் அமெரிக்காவுக்கு எதிராக நின்றவர்களே அல்லர். ரெய்சின் களத்தில் நின்றவர்களின் பெயரைக் கென்டக்கி பின்னர் ஒன்பது மாவட்டங்களுக்குச் சூட்டியது: ஆலன், பேலர்டு, எட்மன்சன், கிரேவ்ஸ், ஹார்ட், ஹிக்மன், மெக்கிராக்கன், மீட், சிம்ப்சன். இவற்றில் பேலர்டு, கிரேவ்ஸ், ஹிக்மன், மெக்கிராக்கன் ஆகிய நான்கும் சிக்கசாக்களிடமிருந்து வாங்கிய அந்த நிலத்தில்தான் இருக்கின்றன.